கதவுக்கு ஒரு பூஜ்யம்

புனேயில் என்ன வேலை செய்கிறாய் என்று கோவையிலிருந்து சித்தி போனில் கேட்கும்போதெல்லாம், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். சித்திக்கு அது போதும், எனக்கும் வசதி. உள்ளதைச் சொன்னால், இதற்கா இத்தனை படித்தாய் என்று கேட்பாள்.

உள்ளது இதுதான். ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குள் பல வேலைகள் இருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் அதனால் செய்ய முடியும். எதை முதலில் செய்வது, எதை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்து எழுதி வைப்பது என் தொழில். ஒற்றை அடுப்பில் சமைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சாம்பார் கொதிக்க வேண்டும், விருந்தாளிக்கு அப்பளம் பொரிக்க வேண்டும், குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். சாம்பார் பெரிய பாத்திரம், மதிப்பும் அதற்குத்தான். ஆனால் சாம்பார் காத்திருக்கும், பசித்து அழுகிற குழந்தை காத்திருக்காது. அதனால் பால் முதலில் ஏறும். எந்த வேலை பெரியது என்று நாங்கள் கேட்பதில்லை. எது காத்திருக்காது என்று கேட்போம். கேட்க வேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் கம்பெனி கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டை ஒட்டி இருக்கிறது. கீழே பட்டறை, மாடியில் நாங்கள். வீட்டுக்காரருக்குக் கண்டோன்மென்டில் வேலை என்பதால் கட்கியில் குடியிருக்கிறோம். நான் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். பஸ் கட்டும் கம்பெனி ஒன்றிடம் எங்கள் ஆட்கள் போய், தானாக மூடித் திறக்கும் கதவு, அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் குரல், விளம்பரத் திரை, பெயர்ப் பலகை, கேமரா எல்லாவற்றையும் ஒரே சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாக்குக் கொடுத்தவர்கள் யாரும் அதற்குள் எழுதப் போகிறவர்கள் இல்லை. அதனால் தாராளமாகவே கொடுத்திருந்தார்கள்.

அதில் என் பங்குக்கு வந்தது கதவின் ரப்பர் விளிம்பு. கதவு மூடும்போது நடுவில் யாருடைய கையாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தால் கதவு அந்தக் கணமே பின்வாங்க வேண்டும். மிகச் சின்ன வேலை. ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடும். ஆனால் அந்தப் பார்வை ஒவ்வொரு தடவையும் சொன்ன நேரத்துக்கு நடந்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் விரல் நசுங்கும். பஸ் ஏறுகிற பெண்கள் எந்தக் கையால் எதைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஏறுகிறேன். ஒரு கையில் பை, இன்னொரு கை கதவின் ஓரத்தில்.

எங்கள் மேனேஜர் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வேலூர்ப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். என்னைவிட இளையவர். கூட்டத்தில் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் அக்கா. தமிழ் வாசிக்க வராது, பேசுகிற தமிழிலும் பாதி ஹிந்தியும் மராத்தியுமாக இருக்கும். தங்கமான மனிதர். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். எங்கள் தொல்லையெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. எண் சிறியதாக இருந்தால் இடம் பெரியது. அந்தப் பட்டியல் மேனேஜரின் கையில் இருந்தது. அவர் சம்மதமில்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. குரல்காரர்கள் வந்து எங்களுக்கு ஒன்றாம் எண் வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் கேட்பது குரலைத்தானே என்பது அவர்கள் வாதம். விளம்பரத் திரைக்காரர்கள் வந்தார்கள். பெயர்ப் பலகைக்காரர்கள் வந்தார்கள். கேமராவைப் பார்த்துக்கொள்கிற பையனுக்குக் கூச்ச சுபாவம், அவனும் வந்தான். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற மாதிரி ஆளாளுக்கு முந்தினார்கள். கடைசியில் நானும் போனேன். காரணங்களை அடுக்கி, படம் போட்டு, ஒரு வாரம் வேலை பார்த்துத் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"இன்னாத்துக்குக்கா இத்னா மெஹ்னத்து? எல்லாருக்கும் ஒண்ணு குட்த்துட்டேன். உனக்கும் ஒண்ணு. ஜக்டா கதம்."

இவ்வளவு பாடு எதற்கு, சண்டை தீர்ந்தது என்கிறார். எல்லோருக்கும் முதல் மரியாதை! ஊர்த் திருவிழாவில் கூட இப்படி ஒரு தீர்ப்பை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர்கள் அதில் திருப்தி அடைந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் வடா பாவ் வந்தது. ஆனால் கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யம் தெரியாது. எல்லோரும் ஒன்று என்றால் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்குத் துளித்துளியாக நேரத்தைக் கொடுத்துக்கொண்டு வரும். அதனால் குரல் விக்க ஆரம்பித்தது. மராத்தியில் 'புடீல் தாம்பா', அதாவது அடுத்த நிறுத்தம், என்று தொடங்கும் அறிவிப்பு, 'பு' என்று சொல்லி மூச்சுத் திணறி நின்றது. குரல்காரர்கள் மறுபடியும் மேனேஜர் அறைக்கு ஓடினார்கள். எல்லோரும் ஒன்றில் இருக்கிறார்கள், ஒன்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் விசாரித்தார். பூஜ்யம் இருக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குரலுக்குப் பூஜ்யம் கிடைத்தது.

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் பூஜ்யம் என்பது ஒரு நாற்காலியாகிவிட்டது. குரல்காரர்கள் நடந்து வந்த நடையே வேறு.

நான் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்காக. சுருக்கி வைத்திருக்கும் குரலை விரித்துப் பேச வைப்பது கனமான வேலை. அது நடக்கும்போது மற்ற எல்லாம் காத்திருக்கும். சரி, எப்போது நடக்கிறது? நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்து, கதவு மூடத் தொடங்குகிற அதே நேரத்தில்தான் அடுத்த நிறுத்தம் எது என்று குரல் சொல்லத் தொடங்கும், அதுவும் மூன்று மொழிகளில். மற்ற நேரமெல்லாம் குரல் சும்மா இருக்கும், என் வேலையும் ஒழுங்காக நடக்கும். எந்தக் கணத்தில் ஒரு கை மாட்டிக்கொள்ளக்கூடுமோ, சரியாக அந்தக் கணத்தில் மட்டும் கையைப் பார்க்க ஆள் இருக்காது. திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

பட்டறையில் ஒரு பஸ் கதவைச் சட்டத்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். கை வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. வாசலில் விற்கிற தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் வாங்கி வந்து கதவுக்கு நடுவில் பிடித்தேன். குரல் இல்லாதபோது கதவு காயைத் தொட்டதும் பணிவாகப் பின்னால் போனது. குரல் ஆரம்பித்ததும் அதே கதவு காயை நசுக்கிவிட்டு, அதற்குப் பிறகு நிதானமாகப் பின்னால் போனது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நசுங்காத பாதியை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நாள் முழுவதும் கதவு எடுத்துக்கொண்ட நேரங்களைக் கூட்டிச் சராசரி போட்டிருந்தார்கள். சராசரி பிரமாதமாக இருந்தது. ஆவரேஜில் நாம்தான் பெஸ்ட், கஸ்டமரே பாராட்டியிருக்கிறார் என்றார்.

"கை ஆவரேஜா மாட்டாதுங் தம்பி," என்றேன். "ஒருக்காத்தான் மாட்டும்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்கள் சிரிக்கிறபோது அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்களை அவர் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவார். என் விஷயம் கடைசி. முதல் விஷயம், அறிவிப்புக்கு எந்தப் பெண்ணின் குரலை வைப்பது. ஒவ்வொரு குரலாகப் போட்டுக் கேட்டார்கள். ஒன்றில் சிரிப்பு அதிகம், ஒன்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி, ஒன்று ஏர்போர்ட். கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் முதல் விஷயம், விளம்பரத் திரையின் நிறம். அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் குரல், ஏனென்றால் தேர்ந்தெடுத்த குரலை எங்கள் கம்பெனி டைரக்டரின் மனைவிக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு. தனக்கு மேலே இருப்பவர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால் ஒரு வேலைக்கு முறையே வராமல் போனால், அது பட்டினி கிடக்கிறது என்போம். பட்டினி கிடக்கிற ஒரு வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற என் விஷயம், கூட்டத்துக்குக் கூட்டம் பட்டினி கிடந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கக் கூட அந்த மாடியில் எனக்கு ஆள் இல்லை.

கோபம்தான் வந்தது. பயமும் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது எனக்கு முன்னால் ஏறுகிற கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். வளையல் போட்ட கை, மருதாணி வைத்த கை, கிரீஸ் அப்பின கை. நான் போய்வருகிற பஸ்ஸுக்குக் கதவே கிடையாது, வெறும் வாசல்தான். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. கதவு செய்கிறவள் கதவில்லாத பஸ்ஸைப் பார்த்து நிம்மதி அடைவது என்ன பிழைப்பு என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கண்டோன்மென்டில் இதைவிட விசித்திரமெல்லாம் நடக்கிறது என்று அவர் ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் கம்பெனியில் இடம் கிடைத்ததெல்லாம் வாய் இருந்த வேலைகளுக்கு. குரல் விக்கினால் எல்லோர் காதிலும் விழுகிறது. திரை நடுங்கினால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. என் வேலை ஊமை. பிந்தினாலும் ஊமை, பிந்தாவிட்டாலும் ஊமை. சரி, இதற்கும் ஒரு வாய் வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். முன்னுரிமைப் பட்டியலைத்தான் நான் தொடக் கூடாதே தவிர, என் வேலைக்குள் நான் எதைச் சேர்த்தாலும் கேட்க யாருக்கும் பொழுதில்லை.

கதவு மூடும்போது 'பீப், பீப், பீப்' என்று ஒரு சத்தம் சேர்த்தேன். இத்தனை பார்வைக்கு ஒரு பீப் என்று கணக்கு. பார்வை ஒழுங்காக நடந்தால் பீப்பும் தாளம் தப்பாமல் வரும். பார்வை தடுமாறினால் பீப் தடுமாறும். பயணிகளை எச்சரிப்பதற்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். நவீனமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். விளம்பரத் திரைக்காரர் மட்டும் இந்த யோசனை தனக்கு முன்பே இருந்தது என்றார்.

கஸ்டமர் வருவதற்கு முன்பு டைரக்டர் முன்னிலையில் ஒரு ஒத்திகை. பட்டறையில் நாற்காலிகள் போட்டு, தேர்ந்தெடுத்த குரலை ஓடவிட்டு, கதவை மூடினார்கள். 'பீப், பீப்' என்று வந்துகொண்டிருந்த சத்தம், குரல் 'புடீல் தாம்பா' என்றதும் நொண்ட ஆரம்பித்தது. ஒரு பீப், பெரிய இடைவெளி, அவசரமாக இரண்டு பீப், மறுபடியும் இடைவெளி. கேட்கவே சங்கடமாக இருந்தது. டைரக்டர் முகத்தைச் சுளித்தார். இது என்ன, கேவலமாக இருக்கிறது, பார்க்கிறவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு எழுந்து போனார். கதவுக்கு நடுவில் நான் பிடித்திருந்த வெள்ளரிக்காய் கூழாகிக் கிடந்தது. அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேனேஜர் மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்த பீப் லங்டா ஆவுது. சார் மூஞ்சே சரியில்ல. இன்னா வோணும் சொல்லுக்கா, குட்த்துடறேன்."

"பூஜ்யம் வேணுங்."

குரலை என்ன செய்வது என்றார். அது எனக்கு அடுத்தபடியாக இருக்கட்டும், என் வேலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிடும், குரலுக்கு ஒரு குறையும் வராது என்றேன். குரல்காரர்களைச் சமாதானப்படுத்த அவர் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிவிட்டு ஓட்டினோம். பீப் தாளம் தப்பாமல் வந்தது. குரலும் துளிக்கூட விக்கவில்லை. இன்னொரு வெள்ளரிக்காய் வைத்துப் பார்த்தேன், முழுசாகத் திரும்பி வந்தது. இத்தனை வாரமும் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல் தந்திருக்கக்கூடிய ஒன்றுக்காகத்தான் நான் அல்லாடியிருக்கிறேன். கை நசுங்குகிறது என்று சொல்லி வாங்க முடியாததை, சத்தம் நொண்டுகிறது என்று சொல்லி வாங்கிவிட்டேன். சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. வெள்ளரிக்காயை நானே தின்றேன்.

கஸ்டமர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமாக வந்தார்கள். குரல் அருமை என்றார்கள், திரை பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். கை மாட்டினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் மட்டும், அந்த பீப் காதைக் குடைகிறது, எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிடுகிறோம் என்று மேனேஜர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். அவர் யாரிடமும் இல்லை என்று சொல்லாதவர் அல்லவா. எனக்கும் ஆட்சேபம் இல்லை. அது தன் காரியத்தை முடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் நான் பட்டறையில் கதவருகே இருந்தபோது மேனேஜர் தயங்கித் தயங்கி வந்தார். விளம்பரத் திரை கொஞ்சம் நடுங்குகிறதாம். விளம்பரம் கொடுக்கிறவர்கள் வருத்தப்படுகிறார்களாம். சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பீப் போய்டுச்சு இல்ல? அப்போ அந்த ஸீரோ காலிதானக்கா. ஸ்கிரீனுக்குக் குட்த்துடலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவரிடம் மறுபடியும் படம் போட்டுக் காட்டுவதா, காய் வாங்கி வருவதா? இந்த மனிதர் மனதில் பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தது பீப் சத்தம்தான். அதற்குப் பின்னால் ஒரு கை இருந்ததே அவருக்குத் தெரியாது. கத்தினால் காரியம் கெடும் என்று குரலைத் தணித்துக்கொண்டேன்.

"குடுத்தரலாம்ங்க. இப்பவே மாத்திப்போடறேன். நீங்க ஒருக்கா கைய அங்க வைங்க, பார்த்துட்டே குடுத்தரலாம்."

லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வலது கையைக் கதவுக்கு நடுவில் நீட்டினார். சொகுசான கை, பேனாவுக்கும் போனுக்கும் மட்டும் பழகினது. நான் கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன். கதவு கிளம்பியது. குரல் இனிமையாக 'புடீல் தாம்பா' என்று ஆரம்பித்தது. சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் ரப்பர் விளிம்பைப் பார்த்தன. கதவு பாதி தூரம் வருவதற்குள் கையை உருவி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குரல் மூன்று மொழிகளிலும் சொல்லி முடித்தது. கதவு எதையும் தொடாமல் சாத்திக்கொண்டது.

லேப்டாப்பில் நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. கையை எடுக்காமல் இருந்திருந்தால் கதவு தொட்டவுடன் திரும்பிப் போயிருக்கும்.

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்க்கா," என்றார். "அது அங்கியே இருக்கட்டும்."

படியேறிப் போய் விளம்பரத் திரைக்காரரிடம் இல்லை என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலில் என் வேலைக்கு எதிரே இருக்கும் பூஜ்யத்தை அவர் அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது என்று பூட்டும் போட்டார்.

சில மாதங்களில் கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் சிலவற்றில் எங்கள் கதவு ஓட ஆரம்பித்தது. எங்களுக்கும் அந்த ரோட்டில் உள்ள பட்டறைகளுக்கும் பொதுவாக அதில் ஒரு பஸ் வந்தது. போன வாரம் சாயங்காலம் அதில் வந்துகொண்டிருந்தேன். போபோடியில் இறங்குகிற கூட்டத்துக்கு நடுவே அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் முண்டியடித்து ஏறினார். ஒரு கையில் கனமான பை, இன்னொரு கை கதவின் ஓரத்தில். குரல் ஆரம்பித்தது. கதவு அவர் விரல்களைத் தொட்டது, அந்தக் கணமே பின்னால் போனது. அவர் கையைப் பார்க்கக்கூட இல்லை. அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. உள்ளே ஏறி நின்ற பிறகும் கதவு திறந்தே இருந்ததுதான் அவர் கண்ணில் பட்டது.

"தார் நீட் லாகத் நாஹி," என்று டிரைவரைப் பார்த்து மராத்தியில் சத்தம் போட்டார். புது பஸ்ஸாம், கதவு ஒழுங்காகச் சாத்தவில்லையாம், எந்த அறிவுகெட்டவன் செய்த கதவு என்று கேட்டார். பிறகு ஆதரவுக்கு என் பக்கம் திரும்பினார். "ஹோ நா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு வேகம் வந்துவிட்டது. கதவு தொட்ட அதே கையை டிரைவரின் முகத்துக்கு நேராக நீட்டி, ஐந்து விரலையும் விரித்து ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டே வந்தார்.